ஆயிரம் அடி வட்டங்களை வரைந்த கிட்டுசாமி ஐயாவுக்கு

கோடு பிசகாத கொங்குச் சீமைக் கோமகனே! கொள்கை குலையாத குணக்குன்றே! நியூஜெர்சியில் எங்கள் கவுன்ட்டிப் பொறியியல் அலுவலகத்தின் நில அளவைப் பிரிவை இருபத்திரண்டு ஆண்டுகள் தாங்கிய தூணே! உடன் பணியாற்றிய தமிழர் நால்வர் தங்களை வணங்குகிறோம். அலுவலகம் தந்த ஆங்கிலப் பட்டயத்தில் தாங்கள் அளந்த பாலங்களும் சாலைகளும் உள்ளன. அதில் இல்லாததை இந்த அவைக்குச் சொல்கிறோம்.

பள்ளியிலிருந்து ஆயிரம் அடிக்குள் கஞ்சா விற்றால் பரோலின்றிச் சிறை என்பது இம்மாநிலச் சட்டம். அந்த ஆயிரம் அடியை வரைபடத்தில் வட்டமிட்டுக் கையெழுத்திட்டவர் நம் ஐயா. நாம் குடியிருக்கும் புறநகரில் ஊருக்கு ஒரு வட்டம். கறுப்பின மக்கள் நெருங்கி வாழும் நகரத்திலோ வட்டத்தின்மேல் வட்டம்; வெளியே நிற்க ஒரு முழம் இடமில்லை. ஒரே அளவு கஞ்சாவுக்கு இங்கே எச்சரிக்கை, அங்கே மூன்றாண்டு!

வட்டத்தின் நடுவில் பள்ளி இன்னும் நடக்கிறதா என்று நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. “அந்த ஏரியா சேஃப் இல்ல சார், பழைய லிஸ்ட்டே போதும்” என்று தடுத்தவர்கள் நாங்கள்தாம். அவரும் போகாமலே கையெழுத்திட்டார். சென்ற ஆண்டு மழைநீர்க் குழாய் பார்க்கப் போனவர், அந்தப் பட்டியலில் இருந்த ஒரு பள்ளியின் சன்னலில் மரம் முளைத்திருக்கக் கண்டார். மூடிப் பன்னிரண்டு ஆண்டாம். அந்த வட்டத்துக்குள், தம் வீட்டு வாசலில் கஞ்சா விற்றதாகப் பிடிபட்ட டேரல் என்னும் இருபத்திரண்டு வயதுக்காரர் சிறையில் இருந்தார்.

“ரிட்டயர் ஆகற நேரத்துல எதுக்கு சார் வம்பு? கேஸ் முடிஞ்சு போச்சு, விட்டுடுங்க” என்றோம். வெட்கத்தோடு எழுதுகிறோம்.

“முடிஞ்சது கேஸுதானுங்க. அவன் இன்னும் உள்ளதான கெடக்கறான்” என்றார் ஐயா.

நீதிமன்றத்தில் நின்று, தவறு தம்முடையது என்றார். எட்டு மாதம் இழுத்தடித்து டேரலை விட்டார்கள். தண்டனையில் மிச்சமிருந்தது ஐந்து வாரம்.

மன்னிப்புக் கேட்கப் போனவரை டேரல் வாசலிலேயே நிறுத்தினாராம். “அந்த ஸ்கூல் தொறந்திருந்தா, நான் மூணு வருஷம் உள்ள கெடந்தது நியாயமா?” என்று கேட்டாராம். ஐயா திரும்பி வந்து காரில் உட்கார்ந்து அழுததாக எங்களிடம் சொன்னார்.

பிழையை மறைக்காத பெருந்தகையே! கால்வலி தீர்ந்து, கண்ணொளி மங்காது, துணைவியார் வசந்தாமணி அம்மையாருடன் நெடுங்காலம் நலமாக இருங்கள். வரும் திங்கட்கிழமை புதிய வரைபடம் எங்கள் மேசைக்கு வருகிறது. மூடிய பள்ளி நீங்கிவிட்டது. மற்ற வட்டங்கள் அப்படியே இருக்கின்றன. எங்களில் ஒருவர் கையெழுத்திட வேண்டும். யார் என்று இன்னும் நாங்கள் பேசவில்லை.

தங்கள் அன்பிற்குரிய
வேலுமணி, ஷ்யாமளா, ரஞ்சித்குமார், மாரிசாமி
நில அளவைப் பிரிவு, ஜூன் 2001