ஒன்றில் கிழித்த சீட்டு

— அந்த நாற்காலி வேணாம் டெஸ், துவைச்ச துணியெல்லாம் அதுலதான் குவிச்சு வச்சிருக்கேன். இப்படி மேசைகிட்ட வா. சரி, நேத்து படத்தோட கதையைப் பாதியில விட்டுட்டுத் தூங்கிட்டியே. அந்த விதவை பண்ணையை வித்தாளா, இல்லையா?

— வித்துட்டா. வித்த மாதிரிதான். இதோ பாரு ரோண்டா, இருபத்திரெண்டு பிள்ளைங்களை ஒவ்வொரு கேட்டுலயா இறக்கி விட்டுட்டு இப்பதான் பஸ்ஸை நிறுத்தினேன். காதுல இன்னும் அதுங்க கத்தறது கேக்குது. ஒரு வாய் டீ குடிச்சுக்கறேனே.

— டீ உன் வலது கை பக்கத்துல. சும்மா கேக்கறேன், வித்துட்டாளா, வித்த மாதிரியா?

— கடைசியில ரொம்ப நேரம் பேச்சே இல்லை. பியானோ மட்டும் போச்சு. வித்துட்டான்னுதான் வச்சுக்கணும். நல்ல படம்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஏலக்காரன் பேசினான் பாரு, அவன் ஒருத்தனுக்காகப் பாக்கலாம்.

— ஏலக்காரன் எப்படி இருந்தான்?

— அதான் சொன்னேனே, அருமையாப் பேசினான்.

— ஆளு எப்படி இருந்தான்னு கேட்டேன்.

— ஏலக்காரன் மாதிரி இருந்தான். நீ இன்னைக்கு வேலைக்குப் போகலையா?

— லிண்டாகிட்ட சொல்லி மாத்திக்கிட்டேன். ஆஸ்பத்திரி சமையல்கட்டு ஒருநாள் நான் இல்லாமப் பூசணிக்காய் வேக வச்சுக்கும். டெஸ், மாசா மாசம் ஊர் ஹால்ல படம் போடற ஞாயித்துக்கிழமை எனக்கு அங்க வேலை, உனக்குப் படம். நீ வந்து சொல்றதுதான் எனக்குப் படம். அதனால நீ சொன்னதை எல்லாம் காலண்டர்ல எழுதி வச்சிருக்கேன்.

— எழுதி வச்சிருக்கியா? எதுக்கு?

— விதைக்கடைக்காரன் குடுத்த காலண்டர், கட்டம் பெருசா இருந்துச்சு. பிப்ரவரியிலேர்ந்து ஆரம்பிக்கறேன். வழக்கு நடக்கற படம். ரெண்டு மணி நேரமும் ஒரே கோர்ட்டு, வக்கீலுங்க வாய் ஓயாமப் பேசினாங்க. ஊர்ல பாதிப் பேர் குறட்டை விட்டாங்களாம். நீ சொன்னது, 'இந்த வருஷத்துலேயே இதுக்கு மேல ஒரு படம் வராது.'

— வராதுதான். ஒவ்வொரு வசனமும் அடி மாதிரி விழுந்துச்சு.

— மார்ச்சு. மீன் பிடிக்கறவங்க படம், ஐஸ்லாந்துக்காரன் எடுத்தது. நீ சொன்னது, 'குப்பை. ஒரு எழவும் புரியலை.'

— அவனுங்க பாஷை அவனுங்களுக்கே புரியுமோ என்னவோ.

— கீழே நம்ம பாஷையில எழுத்துப் போட்டாங்களாமே.

— படம் பாக்கப் போனா படம் பாக்கணும் கண்ணு. பாடம் படிக்கவா பதினஞ்சு டாலர் குடுக்கறேன்?

— நல்லா பேசறே. அடுத்தது மாட்டு மந்தை ஓட்டிக்கிட்டுப் போற படம். பர்க் ஊருக்கு மேல, சிவப்பு மண்ணுல எடுத்தாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி நீயே குதிரையில போன பாதை. அந்த மண்ணைப் பாத்து நீ அழுதுடுவேன்னு நினைச்சேன். நீ வந்து, 'மொத்தமே பத்து வசனம், காசு தண்டம்'னே.

— அந்த மண்ணை நான் தின்னே இருக்கேன் ரோண்டா. திரையில வேற பாக்கணுமா?

— நீர்மூழ்கிக் கப்பல் படம் மட்டும் பிரமாதம்.

— அந்த 'டிங்... டிங்...' சத்தம் இருக்கே! கூடவே தண்ணி ஒழுகற சத்தம். எனக்கு மூச்சே நின்னு போச்சு. எல்லாரும் இருட்டுல இருக்கானுங்க, எவன் எங்கே இருக்கான்னு குரலை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். அதுதான்மா படம்.

— சரி. அப்புறம் அந்தக் கொலைப் படம். யாரு கொன்னது?

— டிரைவர்.

— டிரைவரா?

— அவனேதான் ஒத்துக்கிட்டானே, போலீஸ்காரன்கிட்ட.

— அவன் யாரைக் காப்பாத்தறதுக்கு ஒத்துக்கிட்டான்னு தெரியுமா? கடைசியில கண்ணாடியில தங்கச்சிக்காரி நிக்கறதைக் காட்டறாங்களாம், கையில ரத்தத்தோட. ஹாலே 'ஆ'ன்னு கத்துச்சாம். ரொட்டிக் கடையில ஒரு வாரமா இதைத்தான் பேசினாங்க.

— அப்ப நான் செருப்புத் தேடிக் குனிஞ்சிருப்பேன்.

— ரயில் நிலையப் படத்துலயும் செருப்பா? அந்த நர்ஸம்மா கண்ணாடியில கையை வைக்கறா, உள்ளேயிருந்து மகள் கையை வைக்கறா, வண்டி நகருது. அழாதவங்க ஹால்ல ஒருத்தர் இல்லையாம். கசாப்புக் கடை கார்டன் அழுதிருக்கான் டெஸ், கார்டன்! நீ வந்து, 'முடிவே இல்லை, பாதியில நிறுத்திட்டானுங்க'ன்னு திட்டினே.

— எனக்குப் பிடிக்கலை, அவ்வளவுதான். ஊரே அழுதா நானும் அழணுமா? நான் என்ன பத்திரிகையிலயா எழுதறேன்? சும்மா போறேன், பாக்கறேன், தோணறதைச் சொல்றேன். நாய் எதுக்கு இப்படி வாலாலே தரையை அடிக்குது?

— பென்னி எதுக்குத்தான் வாலாட்ட மாட்டா. துணிக் குவியல்கிட்ட படுத்துக்கிட்டுக் கொஞ்சறா. நாளைக்குப் போடற உன் நீலச் சட்டை மேலேயே இருக்கு, தெரியுதா?

— தெரியுது, தெரியுது. காலர்தான் கொஞ்சம் சுருங்கி இருக்கு.

— தேய்ச்சுடறேன். டெஸ், ஒண்ணு சும்மா கேக்கறேன்.

— நீ சும்மா கேட்டு நான் பாத்ததே இல்லை.

— படம் ஓடற நேரத்துல நீ எங்கே இருக்கே?

— மூணாவது வரிசையில. சுவரோரம். இது என்ன கேள்வி?

— முன்னெல்லாம் கடைசி வரிசையில உக்காருவே. கால் நீட்ட இடம் வேணும்பே.

— இப்ப முன்னாடி பிடிச்சிருக்கு.

— மூணாவது வரிசையில உக்காந்தவனுக்கு அந்தத் தங்கச்சி மூஞ்சி தெரியலை, அந்தக் கை தெரியலை, ஏலக்காரன் குட்டையா நெட்டையான்னு தெரியலை. வசனம் மட்டும் ஒண்ணு விடாமத் தெரியுது. ஹாலுக்கு வெளியே, பின்பக்கக் கதவுகிட்ட நின்னா எல்லாம் நல்லாக் கேக்கும், இல்லே?

— என்ன சொல்ல வர்றே?

— நான் எதுவும் சொல்லலை. இந்தா, இதைப் பாரு. கையை நீட்டு.

— என்ன இது, காகிதமா?

— நீயே சொல்லு, என்னன்னு.

— ...சீட்டு. படம் முடிஞ்சதும் கிழிச்சுப் போடற சீட்டு. உனக்கு எங்கே கிடைச்சுது?

— போன வாரம் ஹாலைக் கூட்டற முறை நம்மளது. பிஸ்கட் டின்னு அலமாரியிலேயே இருந்துச்சு, வருஷம் பூரா போட்ட சீட்டோட. ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் நம்பர். எந்த நம்பர்ல கிழிக்கறோமோ அவ்வளவு மார்க்கு. பின்னாடி பேரு எழுதினாத்தான் இறைச்சித் தட்டு பரிசா விழற குலுக்கல்ல சேரும். நீ எழுதாம விடுவியா? ஆறு சீட்டு எடுத்தேன், ஆறுலயும் 'டெஸ் ஹாலம்'. ஒரு கோட்டுல நிக்காம மாடு ஏர்ல தப்பின மாதிரி எழுதியிருக்கே, ஆனா உன் பேருதான். கோர்ட்டுப் படத்துக்கு எத்தனை குடுத்தே?

— அஞ்சு. சந்தேகமே இல்லை.

— ஒண்ணு. ஒண்ணுல கிழிச்சிருக்கே. ஐஸ்லாந்து மீனுக்கு?

— ஒண்ணுதான் குடுத்திருப்பேன்.

— அஞ்சு! 'ஒரு எழவும் புரியலை'ன்னு சொன்ன படத்துக்கு முழு மார்க்கு. நீர்மூழ்கிக்கு ரெண்டு. கார்டனை அழ வச்ச படத்துக்கு நட்டநடுவுல, மூணையே ரெண்டாப் பிளந்திருக்கே.

— கை தவறியிருக்கும். எல்லாரும் வாசல்ல நெருக்குவாங்க, அவசரத்துல கிழிக்கறது.

— ஆறு தடவையுமா தவறும்?

— சீட்டைத் தலைகீழாப் பிடிச்சிருப்பேன். அட போம்மா! ஒரு துண்டுக் காகிதத்தை வச்சுக்கிட்டு என்னைக் கழுவுல ஏத்தப் பாக்கறே.

— படத்தைப் பாத்தவன் அவன் பாட்டுக்குச் சரியாக் கிழிப்பான். பாக்காதவன்தான் ஏதோ ஒரு இடத்துல கிழிச்சுப் போட்டுட்டு வருவான். நான் அப்படித்தான் நினைச்சேன். மூணு நாள் தூங்கலை டெஸ். வியாழக்கிழமை நடந்ததைக் கேள்விப்பட்டதும் வேற மாதிரியும் தோணுச்சு.

— வியாழக்கிழமை என்ன?

— ஹால்ல டீ போடற கிளெனிஸோட பேத்தி. கேட்டுல நின்னிருக்கா, ஆரஞ்சு மழைக்கோட்டு போட்டுக்கிட்டு, ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டு. நீ வேகத்தைக் கூடக் குறைக்காமப் போயிட்டே. ஒரு அடி முன்னாடி நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்?

— நான் போறப்ப அங்கே யாரும் இல்லை. சூரியன் நேரா மூஞ்சியில அடிச்சுது.

— வியாழக்கிழமை காலையில தூத்தல் டெஸ். அதனாலதான் அவ கோட்டே போட்டிருந்தா.

— இதோ பாரு, முப்பத்தொரு வருஷமா அந்தப் பஸ்ஸை ஓட்டறேன். அந்தப் பிள்ளையோட அம்மாவையே நான்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். ஒரு கண்ணாடிக் கீறல் உண்டா? மழையில ரோடு மூழ்கினப்பக் கூட ஒரு பிள்ளையை வீட்டுல சேக்காம வந்ததில்லை. இந்த ஊர்ல டெஸ்னா பஸ்ஸு, பஸ்ஸுன்னா டெஸ். அதை எடுத்துட்டா நான் யாரு? காலையில ஆறு மணிக்கு எழுந்து என்ன பண்ணுவேன், உன் பூசணிக்காய்க்குத் தோல் சீவறதா?

— பஸ்ஸை எடுக்கறதைப் பத்தி நான் பேசவே இல்லையே. நீயாத்தான் பேசறே.

— போன மாசம்தான் மெடிக்கல் பாஸ் ஆனேன்.

— கண்ணு?

— கண்ணும்தான். அந்த டாக்டர் சுவத்துல மாட்டியிருக்கற எழுத்து அட்டை, நம்ம கல்யாணத்துலேர்ந்து அதே அட்டைதான். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் கடைசி வரி வரைக்கும் சொல்லுவேன்.

— சொல்லுவியா, படிப்பியா?

— டீ ஆறிப் போச்சு, வேற போடு.

— டெஸ், சும்மா கேக்கறேன். சொல்லுவியா, படிப்பியா? டப்போவுல கண் டாக்டர் இருக்காரு, ரெண்டு மணி நேரத்துப் பயணம். நான் ஓட்டறேன். அவ்வளவுதான் விஷயம்னா அதைச் சொல்லிடு. நான் கத்த மாட்டேன். வேற ஏதாவது இருந்தாலும் சொல்லு. ரெண்டுல ஒண்ணு எனக்கு இன்னைக்குத் தெரிஞ்சாகணும். நாளைக்கு ஏழு மணிக்கு நீ மறுபடியும் பிள்ளைங்களை ஏத்தறதுக்கு முன்னாடி.

— சரி. சொல்றேன். ஆனா நின்னுக்கிட்டே கேக்காதே ரோண்டா, முதல்ல உக்காரு.

— நான் அப்போலேர்ந்தே உக்காந்துதான் இருக்கேன்.

— ஆமா, சரி. கண்ணுல ஒண்ணும் இல்லை. கழுகு மாதிரி இருக்கு. நீ முதல்ல நினைச்சதுதான் சரி.

— நான் என்ன நினைச்சேன்?

— நான் படம் பாக்கறது இல்லைன்னு. விளக்கை அணைச்சதும் எழுந்து பின்பக்கமாப் போயிடுவேன். ஒரு பொம்பளை.

— யாரு?

— வேணாம் விடு.

— யாரு டெஸ்?

— கிளெனிஸ்.

— எந்த கிளெனிஸ்?

— டீ போடற கிளெனிஸ். ஊர்ல வேற எத்தனை கிளெனிஸ் இருக்காங்க? அவ புருஷன் போனதுலேர்ந்து தனியாத்தானே இருக்கா. டீத்தண்ணி கொதிக்க வைக்கற சாக்குல அவளும் வெளியே வந்துடுவா.

— எத்தனை நாளா?

— கிறிஸ்துமஸ்லேர்ந்து. பின்னாடி நிக்கற அவ வண்டியில உக்காந்து பேசிக்கிட்டு இருப்போம். பேச்சுன்னா... பேச்சு மட்டும் இல்லை. வசனமெல்லாம் அங்கேர்ந்தே கேக்கும். நீ சரியாத்தான் கண்டுபிடிச்சே.

— சீட்டு?

— அவதான் எடுத்துக் குடுப்பா. நான் பாக்காமக் கிழிச்சுப் போடுவேன்.

— வியாழக்கிழமை?

— முன்னாடி நாள் சண்டை. அந்தக் கேட்டுப் பக்கம் திரும்பவே பிடிக்கலை. அதான் போயிட்டேன். தப்புதான், இனிமே நடக்காது. பாரு, எல்லாத்துக்கும் விடை கிடைச்சுடுச்சா? என்னைத் திட்டு, வீட்டை விட்டு அனுப்பு, நான் போய் பஸ்ஸுலேயே படுத்துக்கறேன். ஆனா டப்போ, டாக்டர்னு ஊரைக் கூட்டாதே.

— கிளெனிஸ் ஒத்துக்குவாளா இதை?

— மாட்டா. எந்தப் பொம்பளை ஒத்துக்குவா? சத்தியம் கூடப் பண்ணுவா.

— அவ மூஞ்சியைப் பாத்து இதைச் சொல்லுவியா?

— சொல்லுவேன். எப்ப வேணாலும் கூப்பிடு. நேருக்கு நேர், அவ கண்ணைப் பாத்துச் சொல்லுவேன்.

— துணியெல்லாம் இன்னும் கொடியிலேயேதான் கிடக்கு டெஸ். நீ உள்ளே வந்ததுலேர்ந்து, ரோண்டா துணின்னு சொன்ன இந்த நாற்காலியில உனக்கு நேரா உக்காந்திருக்கறது நான்தான், கிளெனிஸ். பஸ் சாவியை மேசை மேல வை.