பத்து நிமிடம் அல்ல, பத்தொன்பது

ஸ்டாம்பை நேராக ஒட்டுகிறவர்கள் இப்போதெல்லாம் குறைந்துவிட்டார்கள், சார். உங்கள் ஸ்டேஷனுக்கு வந்த ஒன்பது மொட்டைக் கடிதங்களிலும் அது நேராகவே இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். எழுதியவன் நான்தான். வேணுகோபால், கைலாசபுரம் தொழிற்சாலையில், தபால் அனுப்புகிற டெஸ்பாட்ச் பிரிவில் இருந்து ரிடையர் ஆனவன். எடமலைப்பட்டி புதூரில் ஆசீர் வீட்டுக்கு அடுத்த வீடு.

முத்திரை வேறு இடத்ததாக இருக்கட்டும் என்று ஒவ்வொன்றையும் ஸ்ரீரங்கம் வரை பஸ்ஸில் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன். அப்படியே பெருமாளையும் சேவித்துவிட்டு வந்தேன். போன போக்கு வீணாகக் கூடாது பாருங்கள்.

கடிதங்களில் கேட்டது ஒரே கேள்வி. ஆசீரின் மகள், ஏழு வயது பிரான்சி, காணாமல் போன மாலையில் அவள் அம்மா சகாயராணி மாவு வாங்கப் போயிருந்தாள். பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டேன், அதற்குள் பிள்ளையைக் காணோம் என்றாள். மறுநாள் பின்பக்கக் காலிமனைக் கிணற்றில் பிள்ளை கிடைத்தது. கிணற்றின் தகரமூடி பழையபடி மூடியிருந்ததால் கொலை என்றீர்கள். அந்தக் கடைக்கு நான் மூன்று முறை நடந்து பார்த்தேன். மாவுக்கு நிற்கிற கூட்டத்தையும் சேர்த்தால் பத்தொன்பது நிமிடம். பெற்றவள் ஏன் குறைத்துச் சொல்ல வேண்டும்?

நீங்களும் எட்டு மாதம் அவளை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு அதையே கேட்டீர்கள். தெருவில் அவளோடு பேச்சு நின்றுபோனது. ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் ஆசீரே கேட்டான்: "எங்கிட்டயாவது உண்மையச் சொல்லு ராணி. அன்னைக்கு எங்கதான் போன?"

"பத்து நிமிஷந்தாங்க," என்றாள்.

எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் பொய் பொய்தானே.

பிரான்சி கெட்டிக்காரி. என்னை லெட்டர் தாத்தா என்பாள். ஆசீரின் கிரில் பட்டறைச் சத்தம் பற்றி மாநகராட்சிக்கு நான் பெயர் போடாமல் எழுதிய மனுக்களை, யாரும் பார்க்காத நேரத்தில் பின்வாசல் வழியாக வந்து வாங்கிப்போய்ப் பெட்டியில் போடுவது அவள்தான். ஒரு மனுவுக்கு ஒரு கடலைமிட்டாய். இங்கிலீஷ் மீடியம், தமிழில் ஒரு எழுத்து தெரியாது. எனக்கு அது வசதிதான். ஆனால் மனசு கேட்கவில்லை. ஒரு பிள்ளை தாய்மொழி வாசிக்காமல் வளரலாமா? மூன்று மாதம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்.

லால்குடிப் பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழ் ஐயா, உறையின் மேல் மூலையிலேயே, எதைப் பற்றியது என்று பொருளை எழுதிவிட வேண்டும் என்று பழக்கியிருந்தார். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. அன்று மாலை உறையை வாங்கியவள் மூலையில் விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள்.

"ஆ... சீ... ர். தாத்தா, இது எங்கப்பா பேரு. நானே படிச்சிட்டேன். அப்பா சைட்லேர்ந்து வந்ததும் காட்டட்டுமா?"

தப்பே இல்லாமல் படித்தாள். பெருமையாக இருந்தது. தாராளமாகக் காட்டலாம், முதலில் கிணற்றில் இருக்கிற ஆமையைப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன்.

இதெல்லாம் எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. நேற்று தெருவில் உங்களை நிறுத்தி அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றிக் கேட்டேன். சிரித்தீர்கள். "நீங்க என்ன வாட்ச் கடையா வெச்சிருக்கீங்க பெரியவரே? அந்தம்மா சொன்ன மாதிரியே எழுதி, ஆள் கிடைக்கலன்னு கேஸை மூடப் போறோம், விடுங்க."

தப்பான தகவலோடு ஒரு ஃபைல் மூடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, சார். அவள் உறையைப் படித்தது இரண்டு நிமிடம். சின்னக் கால்களுக்குக் காலிமனை வரை ஆறு. ஆமை மேலே வரக் காத்திருந்தது ஐந்து. பிறகு மூடியை எடுத்த இடத்திலேயே வைத்தேன், அது ஒன்று. மற்றப் பிள்ளைகளும் விளையாடுகிற இடம், திறந்துபோட்டுவிட்டு வரலாமா? தனியாகத் திரும்பியது மூன்று. கால் கழுவிப் பேப்பரை விரித்தது இரண்டு. அப்போதுதான் சகாயராணி மாவோடு கேட்டைத் திறந்தாள்.

அவளைக் கூப்பிட்டு இன்னொரு முறை கேளுங்கள். பத்து நிமிடம் என்றுதான் சாதிப்பாள். பத்து நிமிடத்தில் எனக்கு எப்படி முடிந்திருக்கும்?