வேன் சாவியை மொய்யில் வைத்தது குறித்து

என் பெயர் இசைவாணி, வயது 41, கணவர் பெயர் அய்யப்பன். ஆலங்குடி வட்டம், வேம்பன்குடி கீழத்தெருவில் குடியிருக்கிறேன். வீட்டில் துணி தைக்கிறேன். கணவர் லோடு வேன் ஓட்டுகிறார். எதிர்வீட்டுக் காத்தாயி எங்கள் வேனைப் பறித்துக்கொண்டதாக என் கணவர் கொடுத்த மனு சம்பந்தமாகக் காவல் நிலையத்தில் என்னை விசாரித்ததில் நான் சொல்வதாவது.

மூன்று வருடத்துக்கு முன் ஆடி மாதம் நாங்கள் மொய் விருந்து வைத்து, வந்த மொய்யில் மேற்படி வேனை என் பெயரில் வாங்கினோம். மொய் வைத்தவர் பின்னால் விருந்து வைக்கும்போது, வாங்கியதோடு மேலே கொஞ்சம் சேர்த்துத் திருப்பி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். காத்தாயி கணவரை இழந்தவர். கறவை மாட்டை விற்று எங்களுக்கு மொய் வைத்தார். அதனால் வாடகைப் பணம் வந்ததும் முதலில் மொய்க்கு ஒரு பங்கு எடுத்துத் தகர டப்பாவில் போட்டுவிட்டு, மீதியில்தான் டீசல், அரிசி, மகள் படிப்பு என்று நடத்திவந்தேன். தீபாவளிக்கு எனக்குச் சேலை எடுக்கவில்லை. அது எனக்குக் குறையாகவும் தெரியவில்லை.

அதன்பின் இந்த வருடம் சித்திரையில் என் தம்பி ரத்தினவேல் வீட்டுக்கு வந்து, "வர்றத இப்புடி இறுக்கிப் புடிச்சுக்கிட்டே இருந்தா எப்பக்கா முன்னேறுறது? தேங்கா யாவாரத்துல போட்டா ரெண்டு மடங்கா எடுக்கலாம்" என்றான். நான், "இருக்கறத மொதல்ல ஒழுங்கா நடத்துவோம்டா. டப்பாவுல கெடக்கறது நம்ம காசே இல்ல" என்றேன். என் கணவர் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் பக்கம் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காத்தாயி வீட்டு மொய் விருந்து. தோட்டத்தில் தண்ணீருக்குப் போர் போடுவதற்காக வைத்தார். முதல் நாளே வந்து, "ஒன்னய நம்பித்தான் போர் வண்டிக்குச் சொல்லியிருக்கேன், இசை" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் விருந்தன்று காலையில் டப்பாவைத் திறந்தபோது உள்ளே ரப்பர் பேண்ட் மட்டும் கிடந்தது. கணவரைக் கேட்டதற்கு, "ஒன் தம்பிகிட்டதானே குடுத்தேன், வந்துரும்" என்றார். உடனே தம்பி வீட்டுக்குப் போனேன். அங்கே தேங்காய் எதுவும் இல்லை. மாலை போட்ட புது பைக் நின்றது. "மச்சான் குடுத்தாரு, மச்சான்கிட்ட கேளுக்கா" என்றான். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை.

அதன்பின் விருந்துப் பந்தலுக்குப் போய், மொய் எழுதுகிறவர் முன்னால் வேன் சாவியை வைத்து, "காசு இல்லண்ணே. மொய்யத் திருப்புற வரைக்கும் வேன் வாடக அவுகளுக்குன்னு எழுதுங்க" என்றேன். அவர் தயங்கினார். எழுதும்வரை நான் நகரவில்லை. அதை மைக்கில் வாசித்தார்கள். காத்தாயி ஓடிவந்து வேண்டாம் என்றார். நான்தான் அவர் முந்தானையில் சாவியை முடிந்துவிட்டேன். பந்தலில் இருந்த என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். காத்தாயி பறிக்கவும் இல்லை, மிரட்டவும் இல்லை.

மனுவை இப்போது எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். காத்தாயி என் கையை முறுக்கிச் சாவியைப் பிடுங்கியதை நேரில் பார்த்த சாட்சி என்று ரத்தினவேல் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவன் அன்று பந்தலுக்கே வரவில்லை.

நான் சொன்னபடியே எழுதியிருப்பதை வாசிக்கக் கேட்டேன், எல்லாம் உண்மை. என்னைக் கூட்டிப்போக என் கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். அவரைப் போகச் சொல்லுங்கள். விசாரணைக்கு வந்திருக்கும் காத்தாயி அக்காவோடு நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன்.

(ஒப்பம்)
அ. இசைவாணி