சின்னவன் டைப் பண்ணது

தங்கை: சிரிக்காதண்ணா. நாளைக்கு நான் செத்தேன்.

அண்ணன்: நாளைக்குத்தானே. இப்பத் தூங்க விடு.

தங்கை: புது தெரபிஸ்ட் வராங்கல்ல... சின்னவன் டேப்லெட்ல தனியா டைப் பண்றதப் பாக்கணுமாம். யாரும் அவன் கையைப் புடிக்கக் கூடாதாம்.

அண்ணன்: பாக்கட்டுமே. வாயில ஒரு வார்த்தை வராது, டேப்லெட்ல மட்டும் கவிதையாக் கொட்டுறான். "அம்மா, உன் மடிதான் என் வானம்." அன்னிக்கு அம்மா அழுத அழுகை என்ன, சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டது என்ன...

தங்கை: அது... கட்டுரைப் போட்டிக்கு நான் எழுதினது.

அண்ணன்: அடிப்பாவி.

தங்கை: பரிசு கூடக் கிடைக்கல.

அண்ணன்: எப்படிக் கிடைக்கும்.

தங்கை: பழைய டீச்சர்தான் டைப் பண்றப்ப அவன் மணிக்கட்டப் புடிச்சுக்கச் சொன்னாங்க. முதல்ல அவன் விரல் தானாப் போற மாதிரி இருந்துச்சு, சத்தியமா. அப்புறம் பாத்தா... நான்தான் தள்ளிட்டு இருந்தேன். அம்மா முகத்தப் பாத்ததும் நிறுத்த முடியல.

அண்ணன்: அப்போ "அக்காவுக்குத் தனி ரூம் குடுங்க"ன்னு உருகினானே?

தங்கை: உங்க ரெண்டு பேர் குறட்டையில யாரு தூங்குறது.

அண்ணன்: நல்லா இருக்குடி உன் தம்பிப் பாசம்.

தங்கை: நீ மட்டும் யோக்கியமா? "அண்ணன் பஸ்ல தொங்கிட்டுப் போறான், ஒரு பைக் வாங்கிக் குடுங்கப்பா." அன்னிக்கு அவன் கையைப் புடிச்சது யாரு?

அண்ணன்: மெதுவாப் பேசு. அம்மா முழிச்சுக்கப் போறாங்க.

தங்கை: சொல்லு.

அண்ணன்: பைக்தான் இன்னும் வரலியே, விடு.

தங்கை: அம்மாகிட்ட இப்பவே சொல்லிடலாமாண்ணா? பயமா இருக்கு.

அண்ணன்: என்னன்னு? உங்க புள்ள இதுவரைக்கும் உங்களுக்கு ஒரு எழுத்து கூட எழுதலன்னா? நீ போய்ச் சொல்லு.

தங்கை: நீ சொல்லு. பெரியவன்.

அண்ணன்: இதுக்கு மட்டும் பெரியவன்.

தங்கை: ஷ்... அவன் காதுல விழும்.

அண்ணன்: விழட்டும். அவனுக்கு என்ன புரியப் போகுது. டேப்லெட்டக் கட்டிப் புடிச்சுட்டுப் படுத்திருக்கான் பாரு.

தங்கை: அண்ணா... போர்வைக்குள்ள வெளிச்சம்.

அண்ணன்: படம் பாப்பான்.

தங்கை: இல்ல. எழுத்து அமுக்குற சத்தம்... ஒண்ணு ஒண்ணா. நீ அவன் கையைப்...

அண்ணன்: லூசா? நான் இங்க உன் பக்கத்துலதானே இருக்கேன்.

தங்கை: நானும் இங்கதான் இருக்கேன்.

சின்னவன், டேப்லெட் குரலில்: அம்மாகிட்ட நானே சொல்றேன்.