நடைவண்டியைத் திருப்பிக் கேட்பது

வேப்பம்பட்டில் ரயில் ஏறிய இளம்பெண், ஆவடி தாண்டியதும் பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள். "அக்கா, ஒன் பேரனுக்குக் குடுத்த நடைவண்டிய திருப்பிக் கேட்டா அசிங்கமா?"

இருவர் கழுத்திலும் ஒரே துணி கம்பெனியின் அடையாள அட்டை. மகளிர் பெட்டி மொத்தமும் ஜன்னல் பக்கம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு கேட்டது.

"அடிப்பாவி, மூணாவதா? ஒன் வூட்டுக்காரு இன்னா சொல்றாரு?"

"உன் இஷ்டம்ங்கறாரு."

"இன்னா தாராள மனசு! பிரியாணி வாங்கறதுன்னா அவரு இஷ்டம், இதுக்கு மட்டும் ஒன் இஷ்டமா?"

"மாமியாரு பேரே வெச்சிட்டாங்க. பெரிய வூட்டுக்கு வாடகைன்னு பேச்செடுத்தா அவங்களுக்குக் காது கேக்கல."

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். கலைச்சாலும் பெத்தாலும் அங்க செலவில்லயாம். 'ரொம்ப நாள் தள்ளாம, நல்லா யோசிச்சிட்டு வாம்மா'ன்னு நர்ஸம்மா சொன்னாங்க. ஒரே ரூம்பு வூட்ல ஆறு பேரு கீறோம். எங்கக்கா யோசிக்கறது? அதான் ட்ரெயின்ல யோசிக்கறேன்."

"நல்ல எடமா பாத்த போ!"

திருமுல்லைவாயில் வந்ததையும் போனதையும் யாரும் கவனிக்கவில்லை. அக்கா குரலைத் தாழ்த்துகிற ஜாதியில்லை.

"பெத்துக்கறியா, நடைவண்டி வரும். வேணாமா, ஆஸ்பத்திரிக்கு நான் வரேன். எதுனாலும் ஞாயித்துக்கெழம மட்டும் கூப்புடாத. அன்னிக்குத்தான் நான் தூங்கறதே."

அந்தப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

அம்பத்தூரில் இறங்கவிடாமல் கூட்டம் ஏறியது. அக்கா இரண்டு முழங்கையையும் விரித்து முன்னால் போனாள்.

"வழி வுடுங்கம்மா! யோசிக்கற பொண்ணு வருது!"