கை நனைக்காத சம்மந்தம்

சுயம்புராஜ்: …இல்ல அண்ணாச்சி, விரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அன்னைக்கு உங்க வீட்டுல வாயில வந்த பொய்யைச் சொல்லிட்டேன்.

வைகுண்டராஜன்: அதானே. ஒரு வேன் நெறய ஆளைக் கூட்டிட்டு மாப்பிள்ளை வீடு காண வந்தேரு. எல்லாரும் பந்தியில இருந்து சாப்பிட்டாவ. பெண்ணைப் பெத்தவரு மட்டும் எலையில தண்ணியைத் தெளிச்சிட்டு எந்திச்சுப் போனேரு.

சுயம்புராஜ்: போனேன்…

வைகுண்டராஜன்: கை நனைக்காமப் போனா என்ன அர்த்தம்? சம்மந்தம் வேண்டாம்னு அர்த்தம். திருவட்டாறு பூரா இப்ப அதாக்கும் பேச்சு. என் மவன் வினோஜ் மொகத்தைப் பாக்க முடியல்ல. அதான் நானே உம்ம வீட்டுக்கு வந்தேன்.

சுயம்புராஜ்: நந்தனாவுக்கு உங்க பையனைப் பிடிச்சிருக்கு. எனக்கும் பிடிச்சிருக்கு.

வைகுண்டராஜன்: பின்ன எங்க வீட்டுச் சோறு என்ன பாவம் பண்ணிச்சு?

சுயம்புராஜ்: சோறு இல்ல… வயிறு.

வைகுண்டராஜன்: கேஸா?

சுயம்புராஜ்: கேஸ்னா என் பெஞ்சாதிக்கு சிலிண்டர் செலவு மிச்சமாயிருக்கும். இது பெருங்குடல் பூரா புண்ணு. நந்தனா பள்ளிக்கூடம் போற காலத்துலயே தொடங்கினது. அன்னைக்கு உங்க வீட்டுல அவியல் விளம்புகாவ… எனக்கு உள்ள உருளுது. நல்லவேளை, வந்த உடனே பாத்ரூம் எங்கன்னு பாத்து வச்சிருந்தேன். மாப்பிள்ளையை அதுக்குப் பொறவுதான் பாத்தேன்.

வைகுண்டராஜன்: சிரிக்கப்படாதுன்னு பாக்கேன் ஓய்…

சுயம்புராஜ்: சிரிங்க. பொண்ணு குடுக்கவன் தோட்டம் பறம்பைப் பாப்பான், வீட்டைப் பாப்பான். நான் தாழ்ப்பாள் ஒழுங்கா விழுதான்னு பாத்தேன். களியக்காவிளையில தொடங்கி நாகர்கோவில் வரைக்கும் எந்த ஓட்டல்ல கக்கூஸ் சுத்தம், எவன் சாயா வாங்காம உள்ள விடுவான், எல்லாம் மனப்பாடம். திற்பரப்புக்கு எத்தனை தடவை போயிருக்கேன்… அருவியை நேரா பாத்ததில்ல.

வைகுண்டராஜன்: கல்யாண வீட்டுல எல்லாம் சாம்பார் வாளியைத் தூக்கிட்டு ஓடி ஓடி விளம்புவேரே?

சுயம்புராஜ்: விளம்புகவனைப் பாத்து நீ சாப்பிட்டியான்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். சுயம்புராஜுக்கு என்ன சேவை மனசுன்னு வேற சொல்லுகாவ.

வைகுண்டராஜன்: செரி… டாக்டர் என்ன சொல்லுகாரு?

சுயம்புராஜ்: அதையும் சொல்லணுமா?

வைகுண்டராஜன்: சொல்லும்.

சுயம்புராஜ்: திருவனந்தபுரத்துல பாக்கேன். மாத்திரை கேக்கல்ல. இப்ப ஒரு ஊசி போடுகாவ. அதும் கேக்கலேன்னா பெருங்குடலை வெட்டி எடுக்கணுமாம்.

வைகுண்டராஜன்: எடுத்தா?

சுயம்புராஜ்: வயித்துல ஒரு ஓட்டை போட்டு, அதுல ஒரு பை ஒட்டி விடுவாவளாம். வாறதெல்லாம் அதுல வந்து சேரும். இத்தனை நாளு கக்கூஸைத் தேடி ஓடினேன்லா… பாவம்னு நாம கும்பிடுக அய்யா அதை வயித்துலயே கெட்டி விடுகாரு.

வைகுண்டராஜன்: ம்.

சுயம்புராஜ்: இனி உங்களைப் போல தொளதொளன்னு ஒரு ஜிப்பா தச்சுப் போடணும்.

வைகுண்டராஜன்: தையல்காரன் நம்பர் தாறேன். தமாசை விடும். பயமா இருக்கா?

சுயம்புராஜ்: …இருக்கு அண்ணாச்சி. நல்லா பயந்து போயிருக்கேன். கத்திக்கு இல்ல. பதிக்குச் சாமி கும்பிடப் போனா சட்டையைக் கழத்தி, தலையில துண்டைக் கெட்டிட்டுத்தானே உள்ள போவோம்? ஊரே என் வயித்தைப் பாக்கும். அப்பனுக்கு இப்பிடின்னா மவளுக்கும் வரும்னு ஒருத்தன் சொன்னாப் போதும், பிள்ளைக்க கல்யாணம் நின்னிரும். அதனால, அவ கல்யாணம் முடியட்டும், பொறவு வெட்டுவோம்னு டாக்டர்ட்ட சொன்னேன்.

வைகுண்டராஜன்: அவரு ஒத்துக்கிட்டாரா?

சுயம்புராஜ்: சத்தம் போட்டாரு. ரத்தம் போயிட்டே இருக்கு, ரொம்ப நாள் போட்டு வச்சா குடல் பொத்துக்கிடும்னாரு.

வைகுண்டராஜன்: உம்ம பெஞ்சாதி முத்துக்கனிக்குத் தெரியுமா?

சுயம்புராஜ்: ஊசி வரைக்கும் தெரியும். பை தெரியாது. நல்ல காலம், அவளும் பிள்ளையும் சந்தைக்குப் போயிருக்காவ.

வைகுண்டராஜன்: அப்ப எனக்கு எதுக்குச் சொல்லுகேரு?

சுயம்புராஜ்: உங்க வீட்டு எலையை அவமானப்படுத்திட்டேன்லா… அது உறுத்திட்டே கெடக்கு. நீங்க வேற இடம் பாத்தாலும் நான் கொறை சொல்ல மாட்டேன். நந்தனாட்ட மட்டும் காரணத்தை மாத்திச் சொல்லுங்க.

வைகுண்டராஜன்: என்னன்னு சொல்ல?

சுயம்புராஜ்: ஜாதகம் சேரல்லன்னு… அட, நம்ம ரெண்டு வீட்டுலயும் ஜாதகம் பாக்குறதில்லையே. உருப்படியா ஒரு பொய் சொல்லவும் வழியில்ல.

வைகுண்டராஜன்: ஓய், பதியில நான் எங்க நிப்பேன்னு கவனிச்சிருக்கேரா?

சுயம்புராஜ்: வாசல்லயே நிப்பீங்க. உள்ள வாறதில்ல. பெரிய இடம், ஜனத்துக்கு நடுவுல சட்டை கழத்துறது கொறச்சல்னு முத்துக்கனி சொன்னா. நானும் அப்பிடித்தான்… தப்பா நெனைக்காதீங்க.

வைகுண்டராஜன்: ஊரே அப்பிடித்தான் சொல்லுது. சொல்லட்டும்னு நானும் விட்டுட்டேன். அடுக்களையில என்ன இருக்கு?

சுயம்புராஜ்: இப்பமா? எனக்கு வச்ச கஞ்சி இருக்கு. கொழைய வேவிச்சது… அதை மனுசன் குடிக்க முடியாது.

வைகுண்டராஜன்: ரெண்டு கிண்ணத்துல ஊத்தும். நீரும் கூட இரியும். இன்னைக்கு ரெண்டு பேரும் சேந்து கை நனைப்போம்.

சுயம்புராஜ்: அண்ணாச்சி… எல்லாம் கேட்ட பொறவுமா?

வைகுண்டராஜன்: கேட்டதுனாலதான். அதுக்கு முன்ன பாத்ரூம் எங்கன்னு காட்டும்.

சுயம்புராஜ்: கை கழுவவா? இந்தா, முத்தத்துலயே பைப்பு இருக்கே.

வைகுண்டராஜன்: கை கழுவ இல்ல ஓய். நானும் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போட்டு, குடல் பொத்துப் போன பொறவுதான் என்னைத் தூக்கிட்டு ஓடினாவ. வினோஜ் அப்ப கைப்பிள்ளை. அப்ப இருந்தே ஊருக்கு மறைச்சதை, உமக்குத் தெரிஞ்சா பொண்ணு தர மாட்டேருன்னு உம்மட்டயும் ஜிப்பாவுக்குள்ள மறைச்சு வச்சேன்… பை நெறஞ்சாச்சு, கொட்டிட்டு வாறேன்.