நடந்து போற தூரம்

— நூத்தி முப்பத்தெட்டு, நூத்தி முப்பத்தொம்பது, நூத்தி நாப்பது. மெஸ் வந்துடுத்து. நம்ம வாசப்படிலேர்ந்து நூத்தி நாப்பது அடி. ரோடு தாண்ட வேண்டாம். ஞாபகம் வெச்சுக்கோங்கோ.

— மெஸ் எதுக்குடி? நீ சமைக்கப் போறதில்லையா?

— ஒரு நாள் எனக்கு முடியலேன்னா? போன் பண்ணினா வாசலுக்கே கொண்டு வந்து குடுப்பாளாம். கேட்டுட்டேன்.

— மாமி, இருவது வருஷமா மயிலாப்பூர்ல வூடு காட்டிகினு கீறேன். தண்ணி வருமான்னு கேப்பாங்க, பைக் நிறுத்த எடம் கேப்பாங்க. காலடிய எண்ணிகினு வூடு பாக்குற ஆள இப்பத்தான் பாக்குறேன்.

— மாமாவுக்குக் கண்ணுல பிரஷர், பாஞ்சாலி. ஓரத்துப் பார்வை போயிடுத்து. இனிமே காரையே தொடப்படாதுன்னுட்டார் டாக்டர். எல்லாம் நடந்து போற தூரத்துல இருந்தாகணும்.

— பாலவாக்கம் வீட்ட பில்டர்கிட்ட குடுத்தாச்சு. இடிச்சுக் கட்ட ரெண்டு வருஷம், அவ்வளவுதான். அதுக்குப் போய் இவ ஒரு மாசமா தெருத் தெருவா அலையறா. தி.நகர் வேண்டாம்னுட்டா, அடையாறு வேண்டாம்னுட்டா.

— தி.நகர்ல நடக்கற எடமெல்லாம் கடை. அடையாறுல பாத்த வீட்லேர்ந்து எதுக்கும் மெயின் ரோடு தாண்டணும். உங்களால முடியாது.

— இன்னா மாமா, குடுத்து வெச்ச ஆளு நீ!

— அது வாஸ்தவம். ஆனா ஒரு பெட்ரூம்தானே இருக்கு? நம்ம பொண்ணு ஸஹானா டொரண்டோலேர்ந்து வந்தா எங்க படுப்பா?

— ஹால்ல படுத்துப்பா. ரூம் அதிகமானா நீங்க தடுக்கி விழற எடமும் அதிகம்.

— நடந்து போற தூரம், நடந்து போற தூரம்னு உயிர வாங்கறா, பாஞ்சாலி.

— இப்பத்தான் சொல்றேனா? இருபத்தாறு வருஷம் முன்னாடியே சொன்னேன். லஸ் பக்கம் வாடகைக்கு எடுக்கலாம், பாட்டு கிளாஸுக்குப் பதினோரு குழந்தைகள் வரதுகள்னு கெஞ்சினேன். நீங்க என்ன சொன்னேள்?

— பாலவாக்கத்துல கடல் காத்து நன்னா வரும்னேன். அது தப்பா?

— காத்து நன்னாத்தான் வந்தது. கேட்டுக்குள்ளயே நின்னுண்டு வாங்கினேன். எங்க போகணும்னாலும் உங்க கார், உங்க சௌகரியம். ஒரே வருஷத்துல கிளாஸ் நின்னு போச்சு.

— ஆரம்பிச்சுட்டியா? மூணாம் மனுஷா முன்னாடி எதுக்கு இதெல்லாம்?

— மந்தைவெளில எங்கம்மா மூச்சு வாங்கிண்டு கெடந்தப்போ பாலவாக்கம் வாசல்ல ரெண்டு மணி நேரம் நின்னேன். 'ஆட்டோல்லாம் ஏறாதே, நானே வந்து கூட்டிண்டு போறேன்'னேள். கிளப்புல சீட்டாட்டம் முடியலை உங்களுக்கு. நான் போய்ச் சேரச்சே அம்மா கண்ணை மூடிட்டா.

— அதுக்குத்தான் அன்னிக்கே மன்னிப்புக் கேட்டேனே.

— கேக்கலை. டிராஃபிக்னு சொன்னேள்.

— சரி வுடு மாமி, வெயில் ஏறிகினு போவுது. வூடு புடிச்சிகீதா, இல்லியா? அத்தச் சொல்லு.

— ஒண்ணே ஒண்ணு பாக்கி. ஏன்னா, இப்போ நீங்க மட்டும் போங்கோ. மருந்துக் கடை தாண்டி காப்பிப்பொடிக் கடை. கால் கிலோ வாங்கிண்டு திரும்பி வாங்கோ.

— தனியாவா? நீ வரலை?

— வரலை. சுவரோரமாவே போங்கோ. அவசரப்படாதீங்கோ.

— இன்னா மாமி, கூட ஒரு எட்டு போய்ட்டு வந்தா இன்னா? பாவம், சுவத்தத் தடவிகினு போறாரு.

— பழகட்டும்.

— இன்னாத்துக்கு இவ்ளோ கோவம்? குடிப்பாரா? அடிப்பாரா?

— சேச்சே. ஒரு நாள் கை ஓங்கினதில்லே, அதிர்ந்து பேசினதில்லே. என்னை எங்கயும் போக விடலை, அவ்வளவுதான். வெளில சொன்னா சிரிப்பா.

— நான் சிரிக்கல மாமி.

— தெரியும். அதான் உங்கிட்ட சொல்றேன்.

— தோ, வந்துட்டாரு. மூஞ்சியப் பாரேன், ஸ்கூல்ல பிரைஸ் வாங்கிகினு வர்ற மாதிரி!

— நீரஜா! பாத்தியா! ஒருத்தரையும் வழி கேக்கலை, எங்கயும் முட்டிக்கலை. பொடி இன்னும் சூடா இருக்கு, தொட்டுப் பாரு. நீ சொன்னதுதான்டி சரி. இதுதான் நமக்கு வீடு. சாயங்காலமானா ரெண்டு பேருமா கபாலி கோவிலுக்கு நடக்கலாம். பாட்டு கிளாஸ்கூட ஆரம்பிச்சுக்கோ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

— ஒண்ணும் சொல்ல மாட்டேளா? சந்தோஷம். அக்ரிமென்ட் என் பையிலயே இருக்கு, நேத்தே டைப் பண்ணி வாங்கிட்டேன். இந்தாங்கோ பேனா.

— இரு, இரு. பொடி எழுத்தா இருக்கு, எனக்கு ஒண்ணும் தெரியலை. பாஞ்சாலி, நீ படி.

— 'வாடகைதாரர், சங்கரன். குடியிருப்போர் எண்ணிக்கை, ஒன்று.' இன்னா மாமி இது? ரெண்டுக்கு ஒண்ணுன்னு தப்பா அடிச்சிட்டானா?

— தப்பில்லே. நான்தான் அப்படி அடிக்கச் சொன்னேன்.

— உன் பேர் எங்கடி?

— வேற அக்ரிமென்ட்ல இருக்கு. கே.கே. நகர். போன வாரமே கையெழுத்துப் போட்டுட்டேன்.

— கே.கே. நகரா? விளையாடாதே நீரஜா. அது... அது இங்கேர்ந்து எவ்வளவு தூரம்?

— அதையும் பாத்துட்டுத்தான் எடுத்தேன். உங்களால நடந்து வர முடியாது.